பொத்தான் ஹபீல் ஒரு தடவை சொன்னது

கட்டுகஸ்தோட்டைச் சந்தியிலிருந்து ஹபீலின் வீட்டுக்கு ஏற நூற்றுப் பதின்மூன்று படிகள். இதை நான் எண்ணிச் சொல்லவில்லை; எண்ண வேண்டிய தேவை இந்த மேட்டில் எவருக்கும் இல்லை. இருபத்தாறு வருஷமாகக் காலையில் இறங்கும்போதும் மாலையில் ஏறும்போதும் ஹபீலே எங்கள் எல்லோருக்குமாக எண்ணிவிடுகிறார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். அந்நேரம் யாராவது ஸலாம் சொல்லிவிட்டால் முடிந்தது. பதில் ஸலாம் தருவார். தந்த கையோடு கீழே இறங்கி முதற்படியிலிருந்து தொடங்குவார். ஒரு நோன்பு மாதத்தில் ஸலாம் சொன்னவர்கள் கூடிப்போய், பின்னேரம் அஸருக்குக் கடை பூட்டி வந்தவர் வீடு சேரும்போது விடியமுன் ஸஹர் ஆகிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். நான் அவ்வளவு சொல்லமாட்டேன். இராத் தொழுகை இஷா ஆகியிருக்கும்.

கண்டி டவுனில் அவருக்குத் தையல் சாமான் கடை. நூல், ஊசி, சிப், கொக்கி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பொத்தான். எண்ணும் வியாதி உள்ளவருக்குப் பொத்தான் கடை அமைவது, சீனி வியாதிக்காரருக்கு மஸ்கட் இனிப்புக் கடை அமைந்த மாதிரி. பன்னிரண்டு பொத்தான் கேட்டால் மேசையில் கொட்டி, சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி மூன்று தரம் எண்ணுவார். மூன்றும் ஒத்துவர வேண்டும். மூன்றாந்தரம் பதினொன்று வந்தால் முந்திய இரண்டும் செல்லாது, திரும்ப முதலிலிருந்து. நோன்புப் பெருநாள் சட்டைக்குப் பொத்தான் வாங்க வந்த ஒருவர், அது கைக்கு வரும்போது ஹஜ்ஜுப் பெருநாளே வந்துவிட்டது என்று பள்ளி வாசலில் சத்தியம் செய்தார்.

சிரிப்பெல்லாம் கடை வாசல்வரைதான். வீட்டில் மனைவி ஸுலைஹா சிரித்து வெகுநாளாகிறது. தாழ்ப்பாள் மூன்று தரம், காஸ் அடுப்பு மூன்று தரம். தொழுமுன் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போனால் தண்ணீர்த் தாங்கி காலி. பள்ளியில் தொழக் கை கட்டும்போது மனசில் தொழும் எண்ணம், நிய்யத்து, சரியாக வந்ததா என்ற சந்தேகத்தில் கையை உயர்த்துவார், இறக்குவார், மறுபடி உயர்த்துவார். இமாம் குனிந்த பின்னும் இவர் மட்டும் பறக்கப் பார்க்கும் கொக்கு மாதிரி நிற்பார். பள்ளி லெப்பை இதற்கு வஸ்வாஸ் என்று பெயர் சொன்னார். டவுன் டாக்டர் வேறொரு பெயர் சொல்லிக் குளிசை தந்தார். குளிசையைப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் அடுத்த நாளே தொடங்கியதால், போத்தலை ஸுலைஹா தன் அலுமாரியில் பூட்டிவைத்தாள்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் மின்ஹாவுக்குத்தான் கம்பளையில் மாப்பிள்ளை பேசி, நிகாஹுக்கு நாள் குறித்தார்கள்.

நிகாஹ் என்றால் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகள் மின்ஹாவை, பேசிய மஹருக்கு, உமக்கு நிகாஹ் செய்து தந்தேன்" என்று சபையில் சொல்ல வேண்டும். மஹரைத் தரும் மாப்பிள்ளை "ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு தடவை.

அந்த ஒரு தடவைதான் ஹபீலின் சோற்றை நிறுத்தியது.

"ராத்தா, இதுக்கு எனத்துக்கு இந்தப் பாடு?" என்றார் ஸுலைஹாவின் தம்பி அம்ஜத். வெளியே மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து மழை ஏறி வந்துகொண்டிருந்தது. ஸுலைஹா ரோல்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தாள். அம்ஜத் பொரித்ததைத் தின்றுகொண்டிருந்தார். "லெப்பைய வக்கீலாப் போட்டா முடிஞ்சி. மச்சானுக்குப் பதிலா அவர் சொல்லுவார். முக்காவாசி நிகாஹ் அப்பிடித்தான் நடக்குது."

"நானே சொல்லி, மூணு தரம் வந்திட்டா எனத்த ஆகும்?" என்று ஹபீல் கேட்டார்.

"ஒண்டும் ஆகா. சபையில ஈக்கிறவன் மத்த ரெண்டு மகள் எங்க எண்டு தேடுவான்."

"பகிடி வாணாம் மச்சான். சபையப் பத்தி எனக்குப் பயமில்ல. வீட்டுக்கு வந்து படுக்கக்கொள்ளதான் ஈக்கி. பேர சரியாச் சொன்னனா? தந்தேன் எண்டு சொன்னனா, தாறேன் எண்டு சொன்னனா? அந்நேரம் எங்கட புள்ள கம்பளையில அந்த ஊட்டுல ஈக்கும். அது ஹலாலா ஹராமா எண்டு நான் இங்க கெடந்து எண்ணிக்கிட்டு ஈப்பேன். விடியக்கொள்ள ஓட்டோ புடிச்சிப் பெய்த்து கதவத் தட்டி, இன்னொரு தரம் சொல்லுவோம் எண்டு கேக்க ஏலுமா?"

ரோல்ஸ் சுருட்டிய ஸுலைஹாவின் கை நின்றது. இந்த மனிதர் அப்படிப் போய்த் தட்டக்கூடியவர்தான் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் முடிந்து ஒரு கிழமைக்குள் மகளைத் திருப்பி அனுப்புவார்கள், ஊர் காரணத்தைத் தானே கட்டிக்கொள்ளும்.

"வக்கீல் போடுவோம்," என்றாள்.

"போட வாணாம்," என்று உள்ளேயிருந்து மின்ஹா வந்தாள். அவள் கத்திப் பேசுபவள் அல்ல. "வாப்பாதான் சொல்லணும். இல்லாட்டி நான் கல்யாணக் கவுண் போடமாட்டேன். நைட்டியோட வந்து ஹோல்ல ஈப்பேன், பாத்துக்கொள்ளுங்க."

"ஏன் மகள் மனிசன இப்பிடி வதைக்கிய?"

"வாப்பாக்கு ஏலும் எண்டு எனக்குத் தெரியணும், உம்மா," என்றாள். தட்டில் அடுக்கிய ரோல்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்டு கொறையுது. மாமா தின்னது ஏழு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை அரூஸ் தன் தாய் ஆஸியா உம்மாவோடு வந்தார். கம்பளையில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவர். நல்ல பிள்ளை, நல்ல நெற்றி, மரியாதையான கை. ஒரே ஒரு குறை, பதில் வரத் தாமதமாகும். ஒரு கேள்வி கேட்டால் அதை வாங்கி, உள்ளே கொண்டுபோய் வைத்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பதிலை எடுத்துவருவார். "மூச்சை அடக்குங்கள்" என்று சொல்லிவிட்டு "விடுங்கள்" என்று சொல்ல இவர் எடுக்கும் நேரத்தில் நோயாளிகள் நீலமாகிவிடுவார்களாம். இருமலுக்குப் போன ஒருவர் மயங்கி விழுந்து, அந்தக் காயத்துக்கு இன்னொரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு திரும்பினாராம்.

"மகனுக்குப் பிளேன்டீயா, பால்டீயா?" என்று ஸுலைஹா கேட்டாள்.

அரூஸ் யோசித்தார். மழை விட்டது. கூரையிலிருந்து சொட்டுவதும் குறைந்தது. ஹபீல் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"பிளேன்டீ," என்றார் அரூஸ்.

"கேட்டா பதில் வரும் மச்சி," என்று ஆஸியா உம்மா வட்டலப்பத்தைக் கரண்டியால் வெட்டியபடி சொன்னார். "புசல்லாவ பஸ் மாதிரி. வரும். எத்தன மணிக்கெண்டு மட்டும் கேக்க வாணாம். பொறக்கக்கொள்ளயும் இவன் பதினோரு நாள் பிந்தித்தான். ஆனா ஒண்டு, வந்த பொறகு திரும்பிப் போற புள்ள இல்ல."

அவர்கள் போன பின் ஹபீல் கதிரையிலேயே இருந்தார். "பதினெட்டு," என்றார்.

"எனத்த பதினெட்டு?"

"நீ டீ கேட்டதுக்கும் அவர் சொன்னதுக்கும் எடையில. பதினெட்டு எண்ணினேன். நான் தந்தேன் எண்டு சொன்ன கையோட அவர் சொல்லிட்டா நான் தப்பிடுவேன் ஸுலைஹா. இந்தப் பதினெட்டுக்குள்ள எனக்கு ரெண்டாந்தரம் வந்திடும். மூணாந்தரமும் வந்திடும்."

இதற்குமேல் மனிதர் என்ன செய்வார். பழகிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். அங்கேதான் காரியம் கெட்டது.

மின்ஹாவின் கவுண் ஹபீலின் கடை முன்பக்கத்திலேயே தைபட்டுக்கொண்டிருந்தது. தைப்பவர் புசல்லாவை முத்துலிங்கம். பத்தொன்பது வருஷமாக அந்தக் கடை வாசலில்தான் அவர் மெஷின். கவுணுக்கான பொத்தான்களை ஹபீல் தன் கையாலேயே செய்தார். சாட்டின் துணியை வட்டமாக வெட்டி, தகரக் கிண்ணத்தின் மேல் வைத்து, பின்மூடியைப் பொருத்தி, கைப்பிடியை அழுத்தினால் துணி பொதிந்த பொத்தான் ஒன்று விழும். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்ப்பார்.

"வலது கையில பன்னண்டுதான் வச்சேன் மொதலாளி," என்றார் முத்துலிங்கம். "நேத்து பாப்பா வந்து எண்ணிப் பாத்துட்டு, எடது கையில பதிமூணு இருக்கே, இதுல ஒண்ணு கொறையுதேனு சொல்லிட்டுப் போச்சு. என் கண்ணுக்கே தெரியல."

"என்ட மகள் கவனமான புள்ள," என்று ஹபீலுக்குப் பெருமை. இன்னொரு பொத்தானை அழுத்தித் தந்தார்.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. டவுனே கடை ஓரங்களில் ஒதுங்கி நின்றது. ஹபீலுக்கு வார்த்தைகள் நெஞ்சில் முட்டின. கடைச் சேல்ஸ்மேன் நுஸ்கியைக் கூப்பிட்டார். நுஸ்கிக்கு நாற்பத்து மூன்று வயது. இருபது வருஷமாகப் பெண் தேடி, தேடிய வீடுகளில் எல்லாம் டீ மட்டும் குடித்து வந்தவர்.

"கையத் தாங்க நுஸ்கி."

நுஸ்கி கையைத் தந்தார். ஹபீல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "என் மகள் மின்ஹாவை, பேசிய மஹருக்கு, உமக்கு நிகாஹ் செய்து தந்தேன்," என்று கடை அதிரச் சொன்னார். இரண்டாந்தரம் வரப் பார்த்தது. பல்லைக் கடித்தார்.

நுஸ்கி இருபது வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த சொல் அது. கேட்டதும் தானாக விழுந்தது. "ஏற்றுக்கொண்டேன்."

ஹபீல் கண் திறந்தார். ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். முகம் மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி முகத்திலிருந்து படிப்படியாக இறங்கிப் போனதை முத்துலிங்கம் பார்த்தார்.

கடையைப் பூட்டாமலே லெப்பையின் வீட்டுக்கு ஓடினார்கள். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் ஹபீல் கடையை விட்டுப் போனது அன்றைக்குத்தான். லெப்பை வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"மகள்ட பேரச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"இவர் ஏற்றுக்கொண்டேன் எண்டாரா?"

"வாய்தவறி வந்திட்டு லெப்பை," என்றார் நுஸ்கி. அழும் நிலையில் இருந்தார்.

"நிகாஹ்ல வெளையாட்டும் வெளையாட்டில்ல, ஹபீல். படிச்ச மனிசன் நீங்க. சரி, நடந்தது நடந்திட்டு. சாட்சிக்கு முஸ்லிம் ஆம்புளைகள் எத்தன பேர் ஈந்தாங்க? ரெண்டு பேர் கேட்டீந்தா எனக்கு யோசிக்கணும். ஒராள் எண்டா இது ஒண்டுமில்ல, மழச் சத்தம்."

ஹபீலிடம் ஒருவர் ஓர் எண்ணைக் கேட்டு, அவர் பதில் இல்லாமல் நின்றது கண்டி மாவட்டத்திலேயே அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார் அல்லவா.

நுஸ்கி விரல் மடித்தார். சிப் வாங்க வந்த அக்குறணை ஹாஜியார் ஒருவர். அவர் நிச்சயம். முத்துலிங்கம் கணக்கில் வரமாட்டார். மழைக்கு வாசலில் ஒதுங்கிய ஓர் ஆள்.

"அந்தாள் யாரு?"

"முகம் தெரியல்ல. வெள்ளத் தொப்பி போட்டீந்தார்."

லெப்பை மெல்லுவதை நிறுத்தினார். "தேடுங்க," என்றார்.

நிகாஹுக்கு ஐந்து நாள் இருந்தது. வெள்ளைத் தொப்பிக்காரரைத் தேடி அம்ஜத் எல்லாப் பள்ளி வாசலிலும் நின்றார், குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினார். கண்டியில் வெள்ளைத் தொப்பிகள் எத்தனை என்று ஹபீல் அறிந்தது அந்த நாட்களில்தான். வீட்டில் ஸுலைஹாவுக்கு அடுப்பில் வைத்தது எல்லாம் கருகியது. மகள் நுஸ்கியின் மனைவியா, அரூஸின் மணப்பெண்ணா என்று தெரியாமல் எந்த உம்மாவால் தேங்காய்ப்பாலைத் திரையாமல் காய்ச்ச முடியும். மின்ஹா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தன் அறையில் அலுமாரிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. உடுப்பு அடுக்குகிறாள் என்று நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் மறுபடி மழை. ஒரு வெள்ளைத் தொப்பி ஓடிவந்து அதே வாசலில் ஒதுங்கியது. நுஸ்கி ஹபீலின் கையைக் கிள்ளினார். "இவர்தான்."

ஹபீல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முத்துலிங்கம்தான் மெஷினை நிறுத்தி எட்டிப் பார்த்தார். சிங்களத்தில் இரண்டு வார்த்தை கேட்டார். திரும்பியபோது அவருக்குச் சிரிப்பு.

"மொதலாளி, இவரு மேல் ரோட்டு பேக்கரியில பணிஸ் போடுறவரு. அது பேக்கரித் தொப்பி. தமிழ் ஒரு சொல்லு தெரியாதாம். அன்னைக்கு மொதலாளி கத்துனத நுஸ்கியோட சண்டைன்னு நெனச்சாராம்."

ஹபீல் கல்லாவைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். "அப்ப சாட்சி ஒண்டு."

"ஒண்ணே ஒண்ணு."

ஒரு எண்ணிக்கை குறைந்ததற்காக அந்த மனிதர் அல்லாஹ்வைப் புகழ்ந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பேக்கரிக்காரர் கொண்டுவந்த பணிஸ் முழுவதையும் கூடையோடு வாங்கினார். முப்பத்தாறு. எண்ணித்தான் வாங்கினார்.

முத்துலிங்கம் பணிஸைப் பிய்த்தபடி கேட்டார். "அப்போ நான் ஒரு ஆளு கணக்குலயே இல்லையா மொதலாளி? பத்தொம்பது வருசமா இந்த வாசல்லதான் இருக்கேன்."

"நீங்க கணக்குல இல்லாத படியாத்தான் முத்துலிங்கம், நான் இண்டைக்கி மூச்சு விடுறேன்."

"சரி. சோத்துக்காவது எண்ணுங்க."

"மொத சஹன்ல மொத எடம் ஒங்களுக்கு."

நிகாஹ் நாளும் மழை. கல்யாண ஹோலின் பின்பக்கத்தில் புரியாணி தேக்சாக்கள் மூடி கனத்துக் கிடந்தன. ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்; ஹபீலை அந்தப் பக்கமே விடவில்லை. முன்னால் ஆண்கள் பாயில், திரைக்கு அப்பால் பெண்கள். லெப்பை குத்பா ஓதினார். ஹபீலும் அரூஸும் முழங்கால் முட்ட இருந்தார்கள். லெப்பை இருவரின் வலது கையையும் சேர்த்துவைத்தார். ஹபீலின் முதுகுக்குப் பின்னால் அம்ஜத், தேவைப்பட்டால் வாயைப் பொத்தத் தயாராக. நுஸ்கியைக் கடைசி வரிசைக்கும் அப்பால், செருப்பு கழற்றும் இடத்தில் இருத்தியிருந்தார்கள். லெப்பையின் கட்டளை.

"என் மகள் மின்ஹாவை," என்றார் ஹபீல், "பேசிய மஹருக்கு, உமக்கு நிகாஹ் செய்து தந்தேன்."

ஒரு தடவை.

அரூஸ் அந்த வாக்கியத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

ஹோலில் முந்நூறு பேர் மூச்சை அடக்கினார்கள். விடுங்கள் என்று சொல்லவேண்டியவரே பதில் சொல்லவேண்டியவராகவும் இருந்தார். மின்விசிறிகள் மட்டும் சுற்றின. திரைக்கு அப்பால் ஒரு குழந்தை இருமப் பார்த்து அதுவும் நிறுத்திக்கொண்டது. ஹபீலின் உதடு அசைந்தது. ஸுலைஹா திரையின் இடுக்கால் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அம்ஜத்தின் கை எழுந்தது. உதடு மறுபடி அசைந்தது, மறுபடியும். சொல் வரவில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று முந்நூறு பேரும் பார்த்திருக்க, வரவேயில்லை.

"ஏற்றுக்கொண்டேன்," என்றார் அரூஸ்.

ஹோல் மூச்சு விட்டது. அந்தக் காற்றில் வாசல் திரை வெளிப்பக்கமாக ஆடியதை நான் என் கண்ணால் கண்டேன்.

முதல் சஹனில் முத்துலிங்கம் முதல் இடத்தில் இருந்து, கோழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அஸர் முடிந்து மணப்பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. கார் ஹோல் படியோரம் நின்றது. ஹபீல் மகளை அணைத்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"மகள், நாப்பத்தொண்டு."

"எனத்த வாப்பா?"

"அவர்ட கையில நாடி. பயத்துல ஓடிக்கொண்டு ஈந்திச்சி. அது என்ட வெரலுக்கு அம்புட்டிட்டு. அத எண்ணினதால ரெண்டாந்தரம் சொல்ல வாய் வரல்ல. நாப்பத்தோராவதுல சொல்லிட்டார். இண்டைக்கி ராவு நான் தூங்குவேன்."

மின்ஹா சிரித்தாள். கவுணின் இடது கையைச் சற்று உயர்த்தி, பொத்தான் வரிசையின் மேல் விரலை ஓட்டிக் காட்டினாள். "எனக்கு முப்பத்தொம்பது."

ஹபீலுக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பதின்மூன்று பொத்தான். மூன்று தரம்.

ரோல்ஸ் தட்டும், குறைந்த ஒரு பொத்தானும், அலுமாரிக் கதவின் சத்தமும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"எப்பேந்து மகள்?"

"தெரியா வாப்பா. அத எண்ணிப் பாக்கல்ல."

அதற்குமேல் பேச ஆஸியா உம்மா விடவில்லை. பேராதனைப் பக்கம் ரோடு அடைபடும் என்று அவசரப்படுத்தினார். மின்ஹா காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். திறந்தாள். சாத்தினாள். மறுபடி திறந்தாள். கார்ச் சாரதி திரும்பிப் பார்த்தார். ஆஸியா உம்மா முன்சீட்டிலிருந்து, "எனத்த மருமகள், கவுண் அம்புட்டிட்டா?" என்று கேட்டார்.

ஹபீல் ஓர் அடி முன்னால் வைத்தார். ஸுலைஹா அவர் கையைப் பிடித்தாள்.

அரூஸ் கதவுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்து நின்றார். அந்தப் பக்கம் ஏறப் போனவர், போகவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. கேள்வியே அவருக்கு இன்னும் உள்ளே போய்ச் சேரவில்லையோ என்னவோ. மழை குடையில் விழுந்து அவருடைய புதுக் கோட்டின் தோளில் ஓடியது. மின்ஹா சாத்தினாள், திறந்தாள், சாத்தினாள். அதற்குப் பிறகு கதவு திறக்கவில்லை. அரூஸ் இன்னும் சற்று நின்று பார்த்துவிட்டு, குடையை மடக்கி, மறுபக்கம் போய் ஏறினார்.

கார் இறங்கிப் போனது. எத்தனை தரம் சாத்தினாள் என்று ஹபீல் எண்ணவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஸுலைஹா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். அவர் திரும்பி நின்ற பக்கத்தில்தான் நான் நின்றேன்; அரூஸ் குடையோடு நின்ற அந்நேரமெல்லாம் அவர் ஓரக்கண் அங்கேதான் இருந்தது. உதடு அசைந்தது. ஆனால் எண் அல்ல. "நிக்கிறார் ஸுலைஹா," என்றார். "பாரு, நிக்கிறார்."

ஒரே ஒரு தடவைதான் சொன்னார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மூன்று தரம் சொன்னார்.